எலும்பு இல்லாத பக்கம்

அன்புள்ள மகனே,

கடிதத்தின் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை சொல்லியிருக்கிறார். நீ நலமா என்று உன்னிடம் எப்படிக் கேட்பது? நீ இன்னும் பிறக்கவே இல்லை. எனக்குப் பதினாறு வயது. ‘வெளியூர் செல்லும் மகனுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம்’ என்று வகுப்பில் ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, கெட்ட சகவாசம் வேண்டாம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். நானும் அப்படி ஒன்றை எழுதி ஆசிரியையிடம் கொடுப்பேன். இது வேறு. அப்பா எழுந்து வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் பள்ளிப் பாடம் என்று சொல்லலாம், அது முழுப் பொய்யாகவும் இருக்காது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் மாட்டிக்கொள்வேன்.

நான் நலமாக இல்லை. பயமாக இருக்கிறது. என் கட்டிலுக்கும் அப்பா படுத்திருக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவருடைய குறட்டை கேட்கும்வரை எழுதுவேன், அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். நீ இதைப் படிக்கும்போது பெரியவனாகியிருக்க வேண்டும். உன் கைகள் என் கைகளைவிடப் பெரிதாகியிருக்கும், ஒருவேளை உன் தாத்தாவின் கைகளைவிடவும். அந்தக் கைகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் உனக்குத் தாத்தா. ஆனால் இந்தக் கடிதத்தில் அவரை நான் அப்பா என்றே எழுதுகிறேன், எனக்கு வேறு பெயர் வரவில்லை.

நாங்கள் பினாங்கில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அம்மா பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியே சின்னச் சின்னப் பாகங்களைப் பார்த்துவிட்டு வருவதால் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே வெங்காயம் உரிப்பார். என் அண்ணன் கதிர், அதாவது உன் மாமா, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். மழை பெய்தாலும் பாட்டுப் பாடிக்கொண்டே படியேறுவான். என்னை வாண்டு என்றுதான் கூப்பிடுவான். அப்பா எப்போதும் அடிப்பவர் இல்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்து, எனக்கு மட்டும் தனியாகச் சீனி கேட்டு வாங்கி வருவார். அதே வாரத்தில் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அம்மாவின் கையைச் சூடான சட்டியில் வைத்து அழுத்துவார். எப்போதும் அடிப்பவராக இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ வீட்டைவிட்டுப் போயிருப்போம். அந்த ரொட்டி சானாய்தான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது.

தீபாவளிக்குப் பைராம் தோட்டத்தில் அம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மாமா நல்லவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. ‘நம்ம மச்சான் எவ்ளோ பெரிய லோரிய ஓட்றாரு, ஆனா வீட்ட ஓட்டுறது யாரு? என் தங்கச்சிதான் லா!’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மாவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. மகனே, யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தால் அங்கேயே திருப்பிச் சிரித்துவிடு, இல்லை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடு. அந்தச் சிரிப்பை மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டு வராதே.

தீவுக்குத் திரும்பும் பாலத்தைத் தாண்டும்வரை அப்பா சாலையையே பார்த்துக்கொண்டு காடியை ஓட்டினார். வானொலியில் தீபாவளி வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை நிறுத்தக் கை நீட்டினார், பிறகு நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காடியை நிறுத்தியதும் அப்பா சுற்றி வந்து, அம்மாவின் பக்கக் கதவைத் திறந்து, கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். ‘சிரிச்சல்ல? இப்ப சிரி. உங்கண்ணன் முன்னால சிரிச்ச மாதிரி சிரிடி!’ அம்மாவின் முகத்தைக் காடியின் கூரையில் மோதினார். மறுபடியும் மோதினார். மல்லிகைச் சரம் அறுந்து எண்ணெய்க் கறை படிந்த தரையில் விழுந்தது. அம்மாவின் வாயிலிருந்து இரத்தம் புதுச் சேலையில் வழிந்தது. நான் பின்னிருக்கையில் முறுக்கு டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலேயே மோட்டாரில் வந்த அண்ணன் இதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான். ஓடி வரவில்லை. முதலில் ஹெல்மெட்டைக் கழற்றினான். எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம். அப்பாவின் முன்னால் ஹெல்மெட்டோடு நின்று பேசக்கூடாது. ‘கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி நிக்காத, மொகத்தக் காட்டிப் பேசு’ என்று அவர் சொல்லிச் சொல்லியே அண்ணனை வளர்த்திருந்தார். அதனால் அவன் அந்த நேரத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றி வலது கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் கையால் வாரிவிட்டுக்கொண்டு, அப்பாவின் முன்னால் வந்து நின்றான்.

‘ப்பா, விடுங்கப்பா. நல்ல நாளு. மேல போயி பேசிக்கலாம்.’

‘நீ யார்ரா நடுவுல?’

‘நான் யாரும் இல்லப்பா. அம்மாவ விடுங்க, போதும்.’

அப்பா அம்மாவை விட்டார். காடிக்குள் குனிந்தார். காடியைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போகாமலிருக்க ஸ்டியரிங்கின் குறுக்கே ஓர் இரும்புத் தடியை மாட்டிப் பூட்டுவோம், நீயும் பார்த்திருப்பாய். நிமிர்ந்தபோது அது அவர் கையில் இருந்தது. அண்ணன் இடது கையைத் தூக்கினான், ஆனால் கை தலைவரை வருவதற்குள் அடி விழுந்துவிட்டது. இடது நெற்றிக்கு மேலே, காதுக்கு முன்னால். அந்தச் சத்தம் எதைப் போல இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கேயோ கேட்ட சத்தம் என்று மட்டும் தோன்றியது. அப்பா இரண்டாவது முறையும் ஓங்கினார், ஆனால் அடிப்பதற்கு எதிரே யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ கவனமாகப் படிக்க வேண்டும். அப்பா முழங்காலிட்டு அழுதார். ‘டேய் கதிரு, டேய் ராசா, கண்ணத் தொற’ என்று அவன் கன்னத்தைத் தட்டினார். அண்ணனின் கால்கள் தனியாக உதறிக்கொண்டிருந்தன. காதிலிருந்து இரத்தம் வந்தது. அப்பா உண்மையாகத்தான் அழுதார், நடிப்பு இல்லை. பிறகு அழுதுகொண்டே எழுந்து, நாலு பக்கமும் பார்த்தார். அண்ணனின் மோட்டாரிடம் போய் அதைக் காலால் உதைத்துச் சாய்த்தார். சாய்ந்த மோட்டாரைத் தூணின்மேல் உரசும்படி இழுத்துப் போட்டார். கண்ணாடி உடைந்தது. அதன் பிறகுதான் அண்ணனைத் தூக்கிக் காடியில் போட்டார். ஒருவர் அழுகிறார் என்பதற்காக அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை என்று நினைத்துவிடாதே, மகனே. அழுகை ஒரு பக்கம் இருக்கும், கால் ஒரு பக்கம் வேலை செய்யும்.

மருத்துவமனையில் அம்மா உடைந்த உதட்டைச் சேலையால் மறைத்துக்கொண்டு, ‘மோட்டார்ல விழுந்துட்டான்’ என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்கு மேல் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. மண்டைக்குள் இரத்தம் கசிகிறது, மூளை வீங்குகிறது, மண்டை ஓட்டுக்குள் வீங்க இடமில்லை, உடனே ஒரு பகுதியைத் திறந்து எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். அடிபட்ட இடத்தில் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்ததால் அதைத் திரும்ப வைக்க முடியாது, வீக்கம் வடிந்து உடம்பு தேறிய பிறகு உலோகத் தகடு ஒன்றை அவன் தலைக்கு அளவெடுத்துச் செய்து பொருத்துவோம் என்றார்கள். அண்ணனை வெளியே கொண்டு வந்தபோது தலைக்கட்டின்மேல் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். இந்தப் பக்கம் எலும்பு இல்லை, தொடாதே என்று அதற்கு அர்த்தம். கட்டிலின் தலைமாட்டிலும் அதே எழுத்து ஒட்டியிருந்தது.

கண் திறந்தபோது அவனுக்கு எதுவும் நினைவில்லை. மாமா வீட்டில் சாப்பிட்டதுகூட நினைவில்லை. வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. நாம் பேசுவது புரியும், பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது. வீட்டுக்கு வந்த பிறகு நான் கரண்டி, சீப்பு, சாவி என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துச் சொல்லச் சொல்வேன். ‘சா... சா...’ என்று திணறுவான், கண்ணில் நீர் வரும். ஒருநாள் சீப்பைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தன் மொட்டைத் தலையைக் காட்டி, ‘எதுக்கு?’ என்றான். அடிபட்ட பிறகு அவன் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான். நானும் அவனும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தத் தலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ பார்க்கும்போது அது உருண்டையாக இருக்கும். இடது பக்கம் எலும்பு இல்லாத இடத்தில் தோல் மட்டும்தான். படுத்திருந்தால் கொஞ்சம் உப்பி வரும். உட்கார்ந்தால் ஒரு கிண்ணம் மாதிரி உள்ளே போய்விடும். கூர்ந்து பார்த்தால் அந்தத் தோல் மெல்லத் துடிப்பது தெரியும். அண்ணன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இடத்தில் ஒரு சின்ன அடிகூடப் படக்கூடாது, அவன் பதறி எழுந்து விழக்கூடாது, வீட்டில் சத்தம் சண்டை வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினார். சோற்றைப் பிசைந்து ஊட்டினார். குடிப்பதை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. தட்டுப் பறக்கவில்லை. அம்மா சமைக்கும்போது முணுமுணுவென்று பாட ஆரம்பித்தார். பதினாறு வருடத்தில் அந்த வீட்டில் நான் பயப்படாமல் தூங்கியது அந்த மாதங்களில்தான்.

எனக்கு அது புரிய நாளானது. அப்பா மாறவில்லை. அண்ணனின் தலையில் இருந்த அந்தப் பள்ளம்தான் எங்களைக் காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் கை அடங்கியிருந்தது. தகடு வைக்கும் தேதி கொடுத்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, இந்தத் தேதி தள்ளிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சொந்த அண்ணனின் மண்டை திறந்தே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள்தான் உன் அம்மா. ஒரு வீடு அமைதியாக இருந்தால், யாருடைய காயத்தின்மேல் அந்த அமைதி உட்கார்ந்திருக்கிறது என்று பார், மகனே.

அதற்கு நடுவே தைப்பூசம் வந்தது. மகன் பிழைத்தால் தேர் முன்னால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அப்பா மருத்துவமனையிலேயே நேர்ந்திருந்தார். பினாங்கில் தேர் வரும் சாலை முழுக்கத் தேங்காயை மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். தேர் நெருங்கியதும் ஆண்கள் வரிசையாக நின்று தார்ச்சாலையில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். ஓடு நாலு பக்கமும் தெறிக்கும். அங்கே எலும்பு இல்லாத தலையோடு ஒருவனைக் கூட்டிப்போக வேறு யாருக்குத் தோன்றும்? எங்களுக்குத்தான் தோன்றியது.

‘கூட்டத்துல வேணாங்க, டாக்டரு என்ன சொன்னாரு’ என்றார் அம்மா.

‘சாமி காப்பாத்துன தலை. சாமி முன்னால அதுக்கு என்ன ஆவும்? மொத தேங்கா அவன் கையால தொட்டுக் குடுக்கணும். ஹெல்மெட்டு போட்டுக் கூட்டிட்டுப் போவோம்.’

அப்படித்தான் போனோம். அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவனுடைய பழைய மோட்டார் ஹெல்மெட்டை அப்பாவே அவனுக்கு மாட்டி, வாரை இறுக்கினார். உறுமிச் சத்தத்தில் காது அடைத்தது. தேரின் விளக்கு தெரிந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அண்ணன் இடது கையால் தொட்டுக் கொடுத்த தேங்காயை வாங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, அவன் காலுக்கு முன்னால் அடித்தார்.

அந்தச் சத்தம்தான். கீழ்த்தளத்தில் கேட்ட அதே சத்தம். ஓட்டுத் துண்டு ஒன்று தெறித்து அண்ணனின் ஹெல்மெட்டில் பட்டு விழுந்தது. அப்பா அடுத்த தேங்காயை எடுத்துக் கையை ஓங்கினார். அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலே மறைத்தான். அன்று எப்படித் தூக்கினானோ அதே மாதிரி, முழங்கை வெளியே தெரிய. ஆனால் இப்போது கை சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ‘வேணாம்ப்பா’ என்றான். அத்தனை மாதமாக ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் தேடியவன், அதைத் தடுமாறாமல் சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள், ‘பாவம், சத்தத்துக்குப் பயந்துட்டாரு லா’ என்று அவனைப் பிடித்தார்கள். அப்பா ஓங்கிய தேங்காயோடு அப்படியே நின்றார். அவர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைத் தேடிப் பார்த்தார். அண்ணனின் கை எதை நினைவு வைத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது, அது அவருக்கும் புரிந்துவிட்டது. மீதித் தேங்காய்களை அவர் உடைத்த வேகத்தைப் பார்த்து எல்லாரும் பக்தி என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணனைத் தாங்கி மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா என்னை மட்டும் காடியில் இருக்கச் சொன்னார். ‘அவனுக்கு ஞாபகம் வந்துச்சா? நீ ஏதாச்சும் சொன்னியா?’

‘இல்லப்பா.’

என் சடையைப் பிடித்து இழுத்து, என் தலையின் பக்கவாட்டைக் கதவுக் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி உடையவில்லை. மறுபடியும் மோதினார். ‘சொன்னேன்னு தெரிஞ்சிச்சு, உனக்குத் தகடு வைக்கக்கூட எடம் இருக்காது.’ பிறகு என் சடையை விட்டு, கலைந்த முடியை அவரே சரிசெய்தார். ‘அந்தத் தலை மூடட்டும். எத்தன நாளு வாயப் பொத்திட்டு இருக்கேன். மூடுனப்புறம் இருக்கு உங்க எல்லாருக்கும்.’ அதைச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் இரும்புத் தடியை மாட்டிப் பூட்டினார். ஆமாம் மகனே, அதே தடிதான். அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. துடைத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அதை மாட்டிப் பூட்டிவிட்டு வந்துதான் அவர் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார்.

போன வாரம் அண்ணனுக்குத் தகடு வைத்தார்கள். காதிலிருந்து உச்சிவரை கேள்விக்குறி மாதிரி வளைந்த பழைய தழும்பையே மறுபடி திறந்து, மூளையின்மேல் ஒட்டியிருந்த தோலைப் பிரித்து, தகட்டை வைத்துத் திருகி, தோலை மூடிக் கம்பி ஊசிகளால் இணைத்திருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருந்தார், குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் இரத்தம் கட்டியவர். ‘தம்பி, என் கடைல உலகத்துல உள்ள காசெல்லாம் மாத்தியிருக்கேன். தலைய மாத்துற எடத்த இப்பதான் பாக்குறேன்’ என்பார். அண்ணன் வலியோடு சிரிப்பான். அப்பா அவனுக்குக் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்து, ‘பெத்தவருன்னா இப்படி இருக்கணும், நமக்கும்தான் மூணு பசங்க இருக்கானுங்க, ஒருத்தனுக்காச்சும் இப்படி ஊட்டியிருப்பேனா’ என்று எல்லாரிடமும் சொன்னார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நேற்று அந்த வார்டின் தாதி, எல்லாரும் மிஸி என்று கூப்பிடுவார்கள், கண்ணாடியில் மோதிய என் நெற்றிப்பொட்டைக் குனிந்து பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, மஞ்சள் நிறம் மட்டும் இன்னும் போகவில்லை. ‘என்னா இது?’ என்றார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். ‘உங்க வீட்டுல எல்லாருக்கும் தலையிலதான் அடிபடுது’ என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, ‘எப்ப வேணும்னாலும் வா. உள் ரூம்ல கதவ மூடிட்டுப் பேசலாம். நீ பேசுனா அப்புறம் நாங்க பாத்துக்குவோம்’ என்றார்.

இன்று பள்ளி விட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். அப்பா இன்னும் வந்திருக்கவில்லை. அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தும் தலை உள்ளே போகவில்லை. முழுத் தலையாக இருந்தது. அவன் என் கையை எடுத்துத் தன் தலையின் இடது பக்கத்துக்கு அருகில், தொடாமல், பிடித்து வைத்தான்.

‘வாண்டு. நான்... மோட்டார்ல... விழுகல. இல்ல?’

பக்கத்துக் கட்டிலில் பாய் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். ‘இல்லண்ணே’ என்றேன்.

‘கை... ஞாபகம். கை மட்டும்.’ தன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு வெகுநேரம் வார்த்தைகளைத் தேடினான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில், ‘நாளைக்கு... வீட்டுக்கு... அனுப்புறாங்க’ என்றான். ‘தலை... மூடியாச்சு. அடுத்து... அம்மா.’

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா காடியில் என்னிடம் சொன்னதை அவன் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகப் பாட்டிலோடு வந்தார். ‘எம்மவன் நாளைக்கு வாரான்’ என்று சொல்லிக் குடித்தார். காடியில் விட்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துவரச் சொல்லிச் சாவியை என்னிடம் வீசினார். கீழே போனேன். பாட்டிலைக் கையில் எடுத்த அவசரத்தில் இன்று அவர் தடியை மாட்டிப் பூட்டவில்லை. அது இருக்கைக்குக் கீழே கிடந்தது. நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பூட்டு சேரும் பள்ளத்தில், துணி நுழையாத இடத்தில், துருப் போல ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறது. துருவா வேறு எதுவா என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பொட்டலத்தை ஒரு கையிலும், தடியைப் பள்ளிச் சீருடைப் பாவாடைக்குள் இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். இப்போது அது என் பள்ளிப் பையில் வரலாற்றுப் புத்தகத்துக்குக் கீழே இருக்கிறது. காலையில் அப்பா காடிக்குப் போனால் தேடுவார். அதற்கு முன்னால் நான் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பள்ளிக்குப் போகப் போவதில்லை. மிஸியின் உள் அறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு பையைத் திறக்க வேண்டும். அண்ணனை வீட்டுக்கு அனுப்பும் முன்னால் அதைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

நாளைக்குப் பிறகு இந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ தாத்தாவைப் பார்க்காமலே வளரலாம். ஏன் என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேனோ என்ற பயத்தில்தான் இன்றே எழுதி வைக்கிறேன். அவரை நீ வெறுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. நானே இன்னும் வெறுக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கோபம் வந்தால் முதலில் கையில் இருப்பதைக் கீழே வை. யார் முன்னால் நின்றாலும் அடுத்தவர் தலை எவ்வளவு மெல்லியது என்று நினைத்துக்கொள். நான் உள்ளே துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு நீயும் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகி, அவன் உன்னிடம் நியாயம் பேச வந்து நின்றால், ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லாதே. போட்டுக்கொண்டே பேசட்டும்.

இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அம்மா வந்துவிட்டார். வந்ததே எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைக் கையால் மறைத்தேன், அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. நேராக என் பள்ளிப் பையிடம் போனார், எப்போதும்போல அதை நகர்த்தி வைக்கத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். கனம் தெரிந்துவிட்டது. கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். பலகைக்கு அந்தப் பக்கம் குறட்டை ஒரு மூச்சு நின்று மறுபடி தொடங்கியது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உதட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. பையை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிடுவார் என்று நான் நினைத்தேன்.

அம்மா கொடியில் காய்ந்த துண்டு ஒன்றை உருவி எடுத்தார். தடியை வெளியே எடுத்து, பிள்ளையைச் சுற்றுவது போல அந்தத் துண்டில் இறுக்கிச் சுற்றி, மறுபடி பைக்குள் வைத்து இழுப்பானை மூடினார்.

‘பஸ்ஸுல சத்தம் போடும்’ என்றார். கதவருகில் போய்த் திரும்பி, ‘நானும் வேலைக்குப் போற மாதிரி கெளம்பிடுறேன். பஸ் நிக்கிற எடத்துல நில்லு’ என்றார்.

அவர் போன பிறகு பையைத் தூக்கி மெல்ல ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.